நிலத்தில் இருத்தல்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் வீட்டுத் தரைக்கு நிலம் என்றுதான் பெயர். உட்காருவதற்கு இருத்தல். ஆகவே எங்கள் வீடுகளில் "நிலத்திலை இரு" என்று யாராவது சொன்னால் அதில் மறைபொருள் ஏதும் இல்லை. கதிரைகள் போதவில்லை, பாயை விரித்து உட்கார் என்பதுதான் பொருள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தலைப்பைப் பார்த்துவிட்டு இன்னொரு புலம்பெயர் துயரக் கட்டுரையை எதிர்பார்க்கும் தமிழக நண்பர்கள் ஏமாறக்கூடாது. இது ஓர் அறையின் தரைக்குள் குழாய் பதித்த கதை.

ஜெர்மனியின் ரூர் பகுதியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காக ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட தொடர்வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஜெர்மனியின் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் கடைசியானது 2018 டிசம்பரில், இங்கே பொட்ரொப் நகரில்தான் மூடப்பட்டது. காலடியில் இருந்த கரியை எடுத்து நாடு முழுவதையும் சூடாக்கிய ஊர் இது. ஆனால் எங்கள் வீட்டின் பின்புறத்து அறை மட்டும் ஒருநாளும் சூடாகியதில்லை. பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய அறை அது. கீழே நிலவறை கிடையாது. மெல்லிய கொங்கிறீட், அதன் கீழ் நேரே மண். ஜனவரியில் ஒருநாள் வெப்பமானியை நிலத்தில் வைத்துப் பார்த்தோம்: 13 பாகை.

அப்பா போன பிறகு அம்மா எங்களிடம் வந்தபோது, படி ஏற முடியாதென்று அந்த அறையைத்தான் கொடுத்தோம். (எங்களில் ஒருவருக்கு அவர் அம்மா, மற்றவருக்கு மாமி. இங்கே அம்மா என்றே எழுதுகிறோம்.) ஊரில் சித்திரை வெயிலுக்கு மதியத்தில் வெறும் சீமெந்து நிலத்தில் குளிர்மைக்காகப் படுப்பவர் அவர். சோறு வடித்தபின் நிலத்தில் இருந்துதான் தேங்காய் திருவுவார், அரிசி பிடைப்பார், வந்தவர்களோடு கதைப்பார். இங்கே வந்து இரண்டு சோடி காலுறையும் தடித்த செருப்புமாகக் கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் தாவிக்கொண்டிருந்தார். நிலம் அவருக்கு ஆறுபோல ஆகிவிட்டது, கடக்கலாம், நிற்கக்கூடாது.

முதற் குளிர்காலத்தில் அது நடந்தது. சன்னலின் கீழுள்ள ரேடியேற்றரில் இரண்டு பாதங்களையும் ஊன்றி வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பது அவர் வழக்கம். அதற்குள் ஓடும் நீர் அறுபது, அறுபத்தைந்து பாகை. நமக்கென்றால் ஐந்து விநாடியில் காலை இழுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு நீரிழிவு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள். பாதத்து நரம்புகள் எப்போதோ சொல்வதை நிறுத்திவிட்டன. இரவு காலுறையைக் கழற்றியபோது இடது காலின் சின்ன விரலடியில் பெரிய கொப்புளம். "எனக்கொண்டும் செய்யேல்லையே" என்றார். அது புண்ணாகி ஆற ஐந்து மாதம் எடுத்தது. நடுவில் ஒரு வாரம் விரலை எடுப்பதைப் பற்றி மருத்துவர்கள் பேசினார்கள். எடுக்கவில்லை. ஆனால் அந்த வாரத்தை நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் அதிகம் கதைக்காமல் கழித்தோம். ரேடியேற்றரின் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்தானே.

அதன்பின் எங்களுக்கு ஒரேயொரு கேள்விதான் இருந்தது. அறை சூடாக வேண்டும். அதில் எதுவும் சுடக்கூடாது. எந்த இடத்தில், எவ்வளவு நேரம் கால் பட்டாலும் சுடமுடியாத சூடு என்று ஒன்று உண்டா?

உண்டு. அதற்கு ஓர் எண்ணும் உண்டு. தரைக்குள் நீர்க்குழாய் ஓட்டிச் சூடேற்றும் முறைக்கான ஐரோப்பிய நியமம், மக்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 பாகையைத் தாண்டக்கூடாது என்கிறது. குளியலறையில் 33, சன்னலோரப் பட்டையில் 35 வரை விடுகிறது. மனிதத் தோலே முப்பதைத் தாண்டிய சூட்டில் இருக்கையில் 29 பாகைத் தரை எவரையும் சுடாது. வசதிக்காக வகுத்த எல்லைதான் அது. எங்களுக்கு அது வேறொன்றாகத் தெரிந்தது.

அடுத்து வந்தது கணக்கு. பள்ளியில் இருவருமே கணக்கில் சுமார்தான். ஆனால் இந்தக் கணக்கு கவிதையைப்போல எளிமையானது. தரை அறைக்காற்றைவிட எத்தனை பாகை கூடச் சூடாக இருக்கிறதோ, அந்த ஒவ்வொரு பாகைக்கும் ஒரு சதுர மீற்றர் தரை பத்து, பதினொரு வாட் வெப்பத்தைக் கொடுக்கும். அம்மாவின் அறை 14 சதுர மீற்றர். வெளியே மைனஸ் 10 பாகையும் உள்ளே 22 பாகையும் இருக்கும் இரவில் அந்த அறை இழந்துகொண்டிருந்த வெப்பம் ஏறத்தாழ 1500 வாட். அதை ஈடுசெய்யத் தரை 31 பாகையைத் தாண்டியிருக்க வேண்டும். நியமத்துக்கே அது ஒத்துவராது. நாங்களோ 29-ஐயும் விடுவதாயில்லை. 27-க்கு மேல் போகக்கூடாது என்று பிடிவாதமாக நின்றோம்.

ஆலோசனைக்கு வந்த பொறியியலாளர் சிரித்தார். "29 போதும். சன்னலோரத்தில் குழாய்களை நெருக்கிப் போட்டு 35-க்குக் கொண்டுபோனால் வேலை முடிந்தது" என்றார். எல்லோரும் செய்வது அதுதான், தவறும் இல்லை. ஆனால் சன்னலோரத்தில்தான் அம்மாவின் கதிரை இருக்கும். அதை அவருக்குச் சொன்னோம். காலின் கதையையும் சொன்னோம். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் தரையை விடுங்கள், முதலில் சுவரைப் பாருங்கள்" என்றார். இந்த வேலை முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல அறிவுரை அது. 27 பாகைத் தரை 14 சதுர மீற்றரில் கொடுக்கக்கூடியது சுமார் 730 வாட். ஆகவே அறையின் இழப்பைப் பாதியாக்க வேண்டும். மூன்றடுக்குக் கண்ணாடிச் சன்னல், வெளிச்சுவருக்குக் காப்புப் பலகை, நிலத்தடியில் பத்துச் சென்ரிமீற்றர் காப்பு. செலவில் பெரும்பகுதி இவற்றுக்கே போனது. குழாய்க்குப் போனது மிகச் சொற்பம். தரைச்சூடு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நாங்கள் வாங்கியது சன்னலும் நுரைப்பலகையும்.

அந்த மாதங்களில் வாசித்ததெல்லாம் இதைப் பற்றியேதான். ரைன் நதிக்கரையில் உள்ள சாந்தன் நகருக்குப் போய் ரோமானியக் குளியல்மண்டபத்தின் எச்சங்களைப் பார்த்தோம்; செங்கல் தூண்களின்மேல் தரையைத் தூக்கிவைத்து அடியில் தீயின் புகையை ஓடவிட்டவர்கள் அவர்கள். கொரியர்களின் ஓண்டோல் இன்னும் நெருக்கமாகப் பட்டது. அடுப்புப் புகை கல் பாவிய தரையின் கீழ் ஓடி மறுபுறம் வெளியேறும். அடுப்புக்கு அண்மையில் உள்ள மிகச் சூடான இடம் வீட்டு முதியவருக்கும் விருந்தாளிக்கும் உரியது. (அதே தரை பிற்காலத்தில் நிலக்கரிக் கட்டிகளால் எரிக்கப்பட்டபோது, வெடிப்புகளின் வழியே கசிந்த நச்சுவாயு உறக்கத்திலேயே பலரைக் கொன்றது. இன்றைய கொரிய வீடுகளில் புகைக்குப் பதிலாக நீர் ஓடுகிறது.) அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங் லாயிட் ரைட், தோக்கியோவில் ஒரு செல்வரின் வீட்டில் இருந்த கொரிய அறையில் அமர்ந்து இதை அறிந்து, பின்னர் 1937-இல் மடிசன் நகரில் கட்டிய ஜேக்கப்ஸ் வீட்டில் தரைக்கடியில் குழாய் ஓட்டினார். அவரும் நிலத்தில் இருந்து பார்த்துத்தான் கற்றிருக்கிறார் என்று எங்களுக்குள் ஒரு சந்தோஷம்.

அம்மாவைப் பாரிஸில் உள்ள இளைய மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏப்ரலில் அறையைக் கிண்டத் தொடங்கினோம். பழைய கொங்கிறீட்டின் கீழே சாம்பலும் கரிக்கசடும் கலந்த கருமண். கிட்டத்தட்ட முப்பது சென்ரிமீற்றர் ஆழத்துக்கு எடுத்தோம். கையெல்லாம் கறுத்தது. பக்கத்து வீட்டு முதியவர், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, வேலியருகில் நின்று பார்த்துவிட்டு, தான் நாற்பது ஆண்டு செய்த வேலையை இப்போது நீங்களும் செய்கிறீர்கள் என்றார்.

புதுக் கொங்கிறீட், ஈரத்தைத் தடுக்கும் தார்ப்படலம், காப்புப் பலகை, சுவரைச் சுற்றி நுரைப்பட்டை. சூட்டில் தரை விரியும்போது சுவரை முட்டாதிருக்க அந்தப் பட்டை. பிறகு குழாய். பதினாறு மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக் குழாய், ஆனால் அதன் சுவருக்குள் ஒட்சிசனைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அப்படலம் இல்லாத பழைய குழாய்களில் காற்றின் ஒட்சிசன் பிளாஸ்டிக்கை ஊடுருவி நீருக்குள் போய், இரும்புப் பாகங்களைத் துருவாக்கிச் சேறாக அடைத்திருக்கிறது. கசியாத குழாய்க்குள்ளும் காற்று நுழையும் என்பது எங்களுக்குப் புதிய செய்தி.

பத்துச் சென்ரிமீற்றர் இடைவெளியில், 75 மீற்றர் கொண்ட இரண்டு சுற்றுகள். நத்தையின் ஓடுபோல உள்நோக்கிச் சுழன்று, நடுவில் திரும்பி, வந்த வழியின் இடைவெளியிலேயே வெளியே வரும். அதனால் உள்ளே போகும் சூடான குழாயின் பக்கத்திலேயே ஆறித் திரும்பும் குழாயும் ஓடும். தரையின் எந்த இடத்திலும் சராசரி ஒன்றாகிவிடும். ஒருவர் சுருளை அவிழ்த்துக் கொடுக்க, மற்றவர் கொளுவிகளை அழுத்தி அதைக் காப்புப் பலகையில் பிணைக்க வேண்டும். அவிழ்ப்பவர் அவசரப்பட்டால் குழாய் முறுகும். பிணைப்பவர் தாமதித்தால் நெளியும். முதல் முப்பது மீற்றரை இரண்டு தடவை பிடுங்கினோம். மாலையில் முடிந்தபோது அறை முழுவதும் ஒரு பெரிய கைரேகைபோலக் கிடந்தது. அளவுநாடாவை விரித்து வைத்து மூலைமூலையாகப் படம் எடுத்துக்கொண்டோம். அது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது பின்னர் தெரியவந்தது. எவ்வளவு முட்டாள்களாக இருக்கிறோம் என்பதும்.

குழாயை நீரால் நிரப்பி ஆறு பார் அழுத்தத்தில் பூட்டி, அளவுமானியின் முள் அசைகிறதா என்று இரவு முழுக்க மாறிமாறிப் போய்ப் பார்த்தோம். அசையவில்லை. அந்த அழுத்தத்தோடேயே மேலே சீமெந்துச் சாந்து போட்டார்கள். இங்கே அதற்கு எஸ்ட்ரிச் என்று பெயர். ஆறரைச் சென்ரிமீற்றர், அந்தச் சின்ன அறைக்கே ஏறத்தாழ 1.8 தொன்.

அதன்பின் ஒன்றும் செய்வதற்கில்லை. சீமெந்து எஸ்ட்ரிச்சை 21 நாள் தொடக்கூடாது. பிறகு 25 பாகை நீரை மூன்று நாள் ஓடவிட்டு, திட்டமிட்ட உச்ச வெப்பநிலைக்கு உயர்த்தி நான்கு நாள் வைத்து, ஆறவிட வேண்டும். அதோடு காய்ந்துவிட்டதாகவும் கொள்ளமுடியாது. அம்மா ஒவ்வொரு மாலையும் பாரிஸிலிருந்து தொலைபேசியில் கேட்பார்: "நிலம் காஞ்சிட்டுதோ?" ஊரில் சாணி மெழுகினால் ஒரு பொழுதில் காய்ந்துவிடும். சீமெந்து பூசினாலும் ஒரு கிழமை. இரண்டு மாதமாகியும் காயாத நிலத்தை அவர் நம்பவில்லை. எங்களுக்கு அவர் வருவதில் விருப்பமில்லையோ என்ற ஐயம் குரலில் தட்டுப்படத் தொடங்கியது. "இல்லை அம்மா, உள்ளுக்கு ஈரம் கிடக்கு" என்றால், "ஓமோம், கிடக்கும்" என்பார்.

ஈரத்தை அளப்பதற்கு ஒரு முறை உண்டு. தரையின் ஆழத்திலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, நொறுக்கி, கல்சியம் காபைட்டோடு ஓர் எஃகுப் புட்டிக்குள் போட்டுக் குலுக்க வேண்டும். ஈரம் காபைட்டோடு சேர்ந்து அசெற்றிலீன் வாயுவாகும். அதன் அழுத்தத்தைக் கொண்டு எத்தனை சதவீதம் ஈரம் என்று சொல்லிவிடலாம். புட்டியைத் திறந்தபோது வேலியருகில் நின்ற முதியவர் மூக்கை உயர்த்தினார். தன் தகப்பனின் சைக்கிள் விளக்கு இந்த மணம்தான் என்றார். எங்களுக்கோ களவாகப் பழுக்கவைத்த மாம்பழக் கடை. மூவருமாகக் கொஞ்ச நேரம் அந்தக் கெட்ட நாற்றத்தை முகர்ந்துகொண்டு நின்றோம். இரண்டு சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும்; முதல் அளவில் 2.9. தரையோடு பதிப்பவர் கருவிகளைத் திரும்பவும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று மாலை தொலைபேசியை யார் எடுப்பது என்று எங்களுக்குள் சண்டை. மூன்று கிழமை கழித்து 1.8. பதித்தோம்.

எல்லாம் முடிந்த மறுநாள் கதவு சுவரில் மோதாதிருக்க நிலத்தில் ஒரு சிறு முட்டுக்கட்டை வைக்க விரும்பினோம். துளைக்கருவியை நாங்களே எடுத்தோம். படங்கள் கணினியில் பத்திரமாக இருந்தன, திறந்து பார்க்கவில்லை. துளையிலிருந்து நீர் மெல்லிய நூலாக எழுந்தது. ஒரு தரையோட்டையும் அதன் கீழ்ச் சாந்தையும் உடைத்து, குழாயை வெட்டி இணைப்பு வைத்து மூடினார்கள். அந்த ஒரு தரையோடு மட்டும் இன்றைக்கும் நிறத்தில் கொஞ்சம் வேறு.

மாடியில் பழைய ரேடியேற்றர்களே இருப்பதால் கொதிகலனிலிருந்து 60 பாகை நீர்தான் வருகிறது. ஒரு கலப்பு வால்வு அதில் ஆறில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, தரையிலிருந்து ஆறித் திரும்பும் நீரோடு கலந்து, 34 பாகையாக உள்ளே விடுகிறது. வால்வு பழுதானால்? குழாயில் கட்டிய ஒரு வெப்பக்காவலி 40 பாகையில் பம்பை நிறுத்திவிடும். 34 பாகை நீரை வெந்நீர் என்று சொல்ல வாய் வராது. குழந்தைக்கு முழுக வார்க்கும்போது முழங்கையை விட்டுப் பார்ப்பார்களே, அதைவிடவும் கொஞ்சம் ஆறியது. நிமிடத்துக்கு 1.2 லீற்றருக்கும் குறைவாக ஒரு சுற்றில் ஓடுகிறது. உள்ளே நுழையும் நீர் திரும்பிவர ஏழு நிமிடத்துக்கு மேலாகும். இவ்வளவு சோம்பலான ஒன்று ஓர் அறையைச் சூடாக்கும் என்று நாங்களே முழுதாக நம்பவில்லை.

நவம்பரில் அம்மா வந்தார். நாங்கள் இருவரும் அறை வாசலில் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்போல நின்றோம். மருத்துவர் எழுதிக் கொடுத்த சப்பாத்தோடு நடுவில் போய் நின்றார். சுற்றிப் பார்த்தார். ரேடியேற்றர் இருந்த இடம் வெறுஞ்சுவர். "எங்கை பிள்ளை சூடு?"

"நிலத்திலை அம்மா. சப்பாத்தைக் கழற்றிப் பாருங்கோ."

கழற்றினார். காலுறையையும் கழற்றினார். நின்றார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். எங்களைத் திருப்திப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிந்தது. "நல்லாயிருக்கு" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. சுட்டதைச் சொல்லாத பாதம் இதமாக இருப்பதை மட்டும் எப்படிச் சொல்லும்? ஏழு மாதம், எத்தனையோ கணக்கு, 27-க்காக அவ்வளவு பிடிவாதம். இது எங்களுக்குத் தோன்றவேயில்லை.

இரண்டு நாள் கழித்துப் பாதங்களைப் பராமரிக்க வரும் தாதி வந்தார். வெறுங்காலுடன் அம்மாவைப் பார்த்ததும் எங்களைத்தான் ஏசினார். உணர்ச்சியற்ற பாதம் வீட்டுக்குள்ளும் சப்பாத்தில்தான் இருக்க வேண்டும், நிலம் சூடோ குளிரோ. ஒரு குண்டூசி போதும். புண் இருந்த காலத்திலேயே எங்களுக்குச் சொல்லப்பட்டதுதான். மறந்துவிட்டோம் என்று சொல்வது பொய், நினைக்காமல் இருந்தோம். அம்மா மறுபடியும் சப்பாத்துக்குள் போனார். அறை 22 பாகையில் இதமாகத்தான் இருந்தது. அது போதும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

ஒரு வாரம் சென்றிருக்கும். காலையில் தேநீர் கொண்டுபோனால் கட்டிலில் ஆள் இல்லை. விழுந்துவிட்டார் என்று ஓடினோம். கட்டிலுக்கும் சன்னலுக்கும் இடையில், காலை நீட்டி, சப்பாத்தோடு, நிலத்தில் இருந்தார். இரண்டு உள்ளங்கையும் நிலத்தில் விரிந்திருந்தன. "கைக்குத் தெரியுது" என்றார். பிறகு, "பூனை படுத்தெழும்பின இடம் மாதிரிக் கிடக்கு."

இறங்கியது எப்படி என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. எழும்ப முடியவில்லை என்பது மட்டும் உறுதி. இருவருமாகத் தூக்கினோம். அடுத்த நாளும் தூக்கினோம். பிறகு சுவரில் ஒரு கைபிடிக் கம்பி பொருத்தினோம், இம்முறை படத்தைப் பார்த்துவிட்டு. சுவரில் குழாயே இல்லை என்றபோதும். கம்பியைப் பிடித்து, தாழ்ந்த முக்காலியில் ஒரு கணம் தங்கி, அவரால் இறங்கவும் ஏறவும் முடிகிறது. ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கிழமையில் இரண்டு நாள் திருவலையைத் தன் அறைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்.

ஒரு குறை மட்டும் அவருக்குத் தீரவில்லை. குளிர்கிறதென்று காலையில் வெப்பத்தைக் கூட்டினால் நிலம் பிற்பகல்தான் கேட்கும். கிட்டத்தட்ட இரண்டு தொன் சாந்து சூடாக வேண்டும். தொடாதீர்கள், தன்பாட்டில் இருக்கட்டும் என்று சொல்லி அலுத்துவிட்டது. அடுப்பு என்றால் ஊதினால் எரிய வேண்டும் என்பது அவர் கட்சி.

தாதி மாதம் ஒருமுறை வருகிறார். அம்மாவைக் கதிரையில் இருத்தி, தான் நிலத்தில் முழந்தாளிட்டுப் பாதங்களைப் பார்ப்பார். சென்ற பெப்ரவரியில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பார்த்து முடித்து, நகம் வெட்டி, பெட்டியையும் மூடிவிட்டார், ஆனால் எழும்பவில்லை. முழந்தாளிட்டபடியே இன்னும் கொஞ்ச நேரம் வேறெதையோ கதைத்துக்கொண்டிருந்தார். அவர் போனபின் அம்மா சொன்னார்: "அவளுக்கும் குளிருது போலை. அடுத்தமுறை தேத்தண்ணியை நிலத்திலையே வை."